கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு உத்யோகம்

(நம் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தையொட்டி நடந்த இளைஞர் வழிகாட்டி அமர்வில் ஆற்றிய உரை. நேரமின்மையால் மேடையில் விட்டுப்போன சில விஷயங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)

 

கம்ப்யூட்டர் துறையில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு உண்மையை அவரிடம் சொன்னேன். 1999 முதல் 2020 வரை இருபத்தொரு வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்த்தவன் நான். ஆனால் இன்று வரை ஒரு வரி புரோகிராம் எழுதியதில்லை. நான் இன்ஜினீயரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு 1981-ல் பம்பாயில் அக்கவுண்ட்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன்.

இதைக் கல்யாணங்களில் யாரிடமாவது சொன்னால், "அப்படியானால் அங்கே உட்கார்ந்து என்னதான் பண்ணினீர்கள்?" என்று கேட்பார்கள். என் அத்திம்பேர் ஒருவர் பதினைந்து வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்று அவரும் முன்வரிசையில் இருப்பதால் ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

என் வேலைக்குப் பெயர் ரிக்வயர்மென்ட்ஸ் அனலிஸ்ட். சில கம்பெனிகளில் பிசினஸ் அனலிஸ்ட் என்பார்கள், சில இடங்களில் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். தமிழில் 'தேவை ஆய்வாளர்' என்று சொல்லலாம். சாஃப்ட்வேர் வேண்டும் என்று வருபவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிக் கொடுப்பவர். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சமையல்காரர் கேட்ட கேள்விகள்

2014-ல் என் பெண்ணுக்குக் கல்யாணம். சமையல் கான்ட்ராக்ட் பேச ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். நான் பெருமையாக, "முந்நூறு பேர், இரண்டு நாள், நல்ல சாப்பாடு" என்றேன். என்னளவில் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "முந்நூறு என்பது முகூர்த்தத்தன்றா, ஜானவாசத்தன்றும் அதேதானா? பிள்ளை வீட்டார் எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறார்கள்? இறங்கியதும் காப்பியா, டிபனுமா? இலை போட்டா, பஃபேயா? ஆபீஸ்காரர்கள் வடக்கத்திக்காரர்களாக எத்தனை பேர்? வெங்காயம் சேர்க்கலாமா? பந்தியில் உட்கார முடியாத முழங்கால்வலிக்காரர்கள் எத்தனை பேர்?" அரைமணி நேரம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளே போய் ஆத்துக்காரியைக் கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசியாக, "கட்டுச்சாதம் எத்தனை பேருக்கு?" என்றார். இருபது என்றேன். "ரயிலா, பஸ்ஸா? எத்தனை ராத்திரி?" டெல்லிக்கு ரயில் என்றேன். "அப்போ தயிர்சாதம் முதல் வேளைக்கு மட்டும். மறுநாளைக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் புளியோதரையும் போதும். தயிர்சாதத்தை மறுநாள் வரை வைத்தால் புளித்துவிடும்" என்றார்.

நான் கேட்டது கட்டுச்சாதம். அவர் யோசித்தது, அதை எங்கே, எப்போது, யார் பிரித்துச் சாப்பிடப் போகிறார்கள் என்று. அப்போது எனக்கு அந்த வேலையில் பதினைந்து வருஷ அனுபவம். இருந்தும் அவரிடம் பாடம் கற்றேன். வந்தவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர் குறிப்பெடுப்பவர். அந்தப் பொருள் எங்கே போய் எப்படி உபயோகப்படப் போகிறது என்று கேட்பவர்தான் அனலிஸ்ட்.

இரண்டு கரைக்கு நடுவே

ஒரு கரையில் சாஃப்ட்வேரை உபயோகிக்கப் போகிறவர்கள். பாங்க் மானேஜர், ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இருப்பவர், கிடங்கில் மூட்டை எண்ணுபவர். அவர்களுக்குத் தங்கள் வேலை தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. மறுகரையில் புரோகிராமர்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், மூட்டை தெரியாது. நடுவில் ஓடம் விடுகிறவர் அனலிஸ்ட்.

ஓடத்தில் போகிற சரக்கு ஒரு பத்திரம். அதற்கு எஸ்.ஆர்.எஸ். என்று பெயர், சாஃப்ட்வேர் ரிக்வயர்மென்ட்ஸ் ஸ்பெசிஃபிகேஷன். என் காலத்தில் ஐ.இ.இ.இ. 830 என்ற 1998-ஆம் வருஷத்து வழிகாட்டியை வைத்துக்கொண்டு எழுதினோம். 2011-ல் 29148 என்ற சர்வதேசத் தரம் அதன் இடத்துக்கு வந்தது. இப்போது பல கம்பெனிகளில் நூறு பக்கப் பத்திரம் கிடையாது. 'அஜைல்' முறையில் 'யூசர் ஸ்டோரி' என்று சின்னச் சின்னதாக எழுதி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்து காட்டுகிறார்கள். பத்திரம் சுருங்கியிருக்கிறது. கேள்விகள் சுருங்கவில்லை.

அந்தப் பத்திரத்தில் இரண்டு வகை விஷயங்கள் இருக்கும். சாஃப்ட்வேர் என்ன செய்யவேண்டும் என்பது ஒன்று: ரசீது போடவேண்டும், வட்டி கணக்கிடவேண்டும். எப்படிச் செய்யவேண்டும் என்பது இன்னொன்று: எவ்வளவு வேகம், ஒரே சமயத்தில் எத்தனை பேர், கரண்ட் போனால் என்ன ஆகும், யார் எதைப் பார்க்கலாம். முதல் வகையை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது வகையைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சாஃப்ட்வேர் தயாரிப்பில் மிகக் கஷ்டமான பகுதியே எதைத் தயாரிப்பது என்று துல்லியமாகத் தீர்மானிப்பதுதான் என்றார். அதில் தவறினால் பின்னால் சரிசெய்வது ரொம்பவும் சிரமம் என்பதும் அவர் கருத்து. நாற்பது வருஷத்தில் கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்த விஷயம் மாறவில்லை.

'மூத்த குடிமக்கள்' என்றால் யார்?

நம் எல்லோருக்கும் தெரிந்த ரயில்வே உதாரணத்தைப் பார்ப்போம். "மூத்த குடிமக்களுக்குக் கீழ் பெர்த் கொடுக்கவேண்டும்." ஒரே வரி. புரோகிராமரிடம் கொடுத்துவிடலாமா?

மூத்த குடிமக்கள் என்றால் யார்? டிக்கெட் சலுகைக்கு ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 58 வயது என்று ரயில்வே வைத்திருந்தது. 2020 மார்ச்சில் அந்தச் சலுகையே நிறுத்தப்பட்டது. ஆனால் கீழ் பெர்த் கோட்டாவுக்கு விதி வேறு. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45. அதுவும் தனியாகப் போனால், அல்லது இந்தத் தகுதியுள்ள இரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் போனால்தான். பேரன் பேத்தியையும் அதே டிக்கெட்டில் சேர்த்துவிட்டு, "எனக்கு ஏன் மேல் பெர்த் வந்தது?" என்று கோபித்துக்கொள்பவர்கள் இந்த ஹாலிலேயே சிலர் இருப்பார்கள்.

இப்போது கேள்விகள். புக் செய்யும்போது 59 வயது, பிரயாணத்தன்று 60 நிறைந்துவிட்டது. எந்த வயதைக் கணக்கில் எடுப்பது? கணவருக்கு 62, மனைவிக்கு 44. இவர்கள் தகுதியுள்ள ஜோடியா? கோட்டா தீர்ந்துவிட்டால் பொதுப் பெர்த்தில் தேடுவதா, நடு பெர்த் கொடுப்பதா? முன்பு சலுகை, கோட்டா இரண்டும் இருந்த காலத்தில், ஒரே பெண்மணி ஒரு விதிப்படி மூத்தவர், இன்னொரு விதிப்படி மூத்தவர் இல்லை. பத்திரத்தில் 'மூத்த குடிமக்கள்' என்று வெறுமனே எழுதியிருந்தால் புரோகிராமர் எந்த வயதை எடுத்துக்கொள்வார்?

இதற்கு 'டெசிஷன் டேபிள்' என்று ஒரு கட்டம் போடுவோம். மேலே நிபந்தனைகள்: ஆணா பெண்ணா, வயது, எத்தனை பேர், கோட்டா இருக்கிறதா. கீழே முடிவுகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பத்தி. எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ அந்தக் கேள்வியை நாம் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டம் போட ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். உயர்ந்த கணிதம் ஒன்றும் இதில் இல்லை. பொறுமைதான் வேண்டும்.

நான் செய்த தவறு

இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். 2003-ல் நான் செய்த ஒரு தவறைச் சொல்லவேண்டும். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

மேற்கு இந்தியாவில் ஒரு பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம். தவறு என்னுடையது. அவர்களுடைய ஓய்வூதியப் பட்டுவாடாவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை. அதுவரை காசோலையாகவும் மணியார்டராகவும் போன பென்ஷன், இனி இ.சி.எஸ். மூலம் நேரே பாங்க் கணக்கில் விழவேண்டும். பி.எஃப்., பென்ஷன் விஷயங்களில் எனக்கு அனுபவம் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். நான்கு வாரம் அதிகாரிகளுடன் உட்கார்ந்து பேசினேன். 140 பக்கப் பத்திரம் தயாரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். என் மேலதிகாரி மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டிய பத்திரம் அது.

அதில் ஒரு வரி: "ஓய்வூதியதாரரின் பெயர் வங்கிக் கணக்கிலுள்ள பெயருடன் பொருந்தவேண்டும். பொருந்தாத பட்சத்தில் பட்டுவாடா நிறுத்தி வைக்கப்படும்." இதைக் கேட்டு வாங்கியவர் அக்கவுண்ட்ஸ் அதிகாரி. இறந்துபோனவர் பென்ஷனை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். நான் எழுதிக்கொண்டேன்.

'பொருந்தவேண்டும்' என்றால் என்ன? நான் மனதில் நினைத்தது, ஒரே ஆள் என்று தெரியவேண்டும் என்பது. புரோகிராமர் எடுத்துக்கொண்டது, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும் என்பது. அவர் மேல் பிசகில்லை. கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் என்றால் அதுதான்.

பம்பாய்ப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் மேலே சொல்லப்போவது தெரிந்திருக்கும். அங்கே பெயர் என்றால் தன் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே. ஆபீஸில் சேர்ந்த அன்றே அங்குள்ள குமாஸ்தா, "சர்நேம் என்ன?" என்பார். நாம் விழிப்போம். அவரே 'ஐயர்' என்று போட்டுக்கொள்வார். பாலக்காடானாலும் கும்பகோணமானாலும், சில சமயம் ஐயங்காரானாலும்கூட ஐயர்தான்! ஆகவே கணவர் காலமான பின் குடும்பப் பென்ஷன் வாங்கும் ஒரு மாமிக்கு ஆபீஸ் ரிகார்டில் 'கமலா சுப்பிரமணியன் ஐயர்' என்று இருக்கும். மாமி பாங்கில் கணக்குத் தொடங்கியபோது நம் வழக்கப்படி 'எஸ். கமலா' என்று எழுதியிருப்பார். (பெயர் உதாரணத்துக்குச் சொன்னது.)

முதல் மாதப் பட்டுவாடாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போகவில்லை. பெரும்பாலும் தெற்கத்திப் பெயர்கள், அதிலும் விதவைப் பெண்கள். கம்ப்யூட்டர் பிழை என்று எதையும் காட்டவில்லை. காட்டவேண்டும் என்று நான் எழுதவில்லையே. நிறுத்தி வைக்கச் சொன்னேன், நிறுத்தி வைத்தது. இரண்டாவது மாதமும் அதேதான். புகார் கடிதங்கள் தபால் பிரிவிலிருந்து மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாவது மாதக் கடைசியில் நான் அந்த ஆபீஸுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். பட்டுவாடாப் பிரிவு கவுண்டரில் ஒரு மாமி நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் கவரில் கணவரின் பென்ஷன் ஆர்டரும் பாங்க் பாஸ்புக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் என்னிடம் திரும்பினார். கோபப்படவில்லை. "ரெண்டு மாசமா பென்ஷன் வரல்லே. பேர் சரியில்லைங்கறா. என் பேரு எனக்குத் தெரியும். உங்க மெஷினுக்குத்தான் தெரியல்லே" என்றார். சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்க ஒரு வளையலை அடகு வைத்திருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. என் பெயரே அந்த ஊரில் இப்படித்தானே இரண்டு விதமாக இருந்தது! தமிழன், இனிஷியல்காரன், பதினெட்டு வருஷம் அக்கவுண்ட்ஸில் இருந்தவன். எனக்குத் தோன்றவேண்டிய கேள்வி தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அதே பிரிவின் மூலையில், ஓய்வுபெற இரண்டு வருஷமே இருந்த ஒரு மராத்திக் குமாஸ்தா இருந்தார். அவர் மேஜை டிராயரில் நீளமான ஒரு பைண்டு நோட்டு. அதில் இருபது வருஷமாக, ஆபீஸ் ரிகார்டில் ஒரு பெயர், மணியார்டரிலோ பாங்கிலோ இன்னொரு பெயர் என்று இருப்பவர்களையெல்லாம் இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தார். நான் தேடிய விடை முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "என்னை யாரும் கேட்கவில்லையே, சாகேப்" என்றார். நான்கு வாரம் அந்தக் கட்டடத்தில் இருந்தேன். அவர் மேஜையைத் தாண்டித்தான் தினமும் அதிகாரி அறைக்குப் போனேன்.

அன்று ராத்திரியே அந்த ஒரு வரியை நான்காகப் பிரித்து எழுதினேன். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பெயர்களும் பிரிவு அலுவலரின் திரையில் பட்டியலாக வரவேண்டும். ஏற்கெனவே பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பட்டுவாடாவை நிறுத்தக்கூடாது. அலுவலர் ஒருமுறை சரிபார்த்து ஒப்புக்கொண்டால் அதே பெயர் மறுபடியும் பட்டியலில் வரக்கூடாது. முப்பது நாளுக்கு மேல் ஒரு பெயர் தீராமல் நின்றால் மேலதிகாரிக்குத் தெரியவேண்டும்.

பத்து நாளில் பாக்கி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மாமியின் வளையல் மீண்டதா என்று தெரியாது. கேட்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதைக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

அதன் பிறகு பதினேழு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். நான் கடைப்பிடித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, மேஜைக்குப் போவது. அதிகாரி சொல்வது வேலை எப்படி நடக்கவேண்டும் என்பது. எப்படி நடக்கிறது என்பது குமாஸ்தாவின் டிராயரில் இருக்கும். எந்த ஆபீஸானாலும், "உங்களிடம் சொந்தமாக ஏதாவது நோட்டு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பேன். பத்து இடத்தில் ஒன்பது இடத்தில் இருக்கும். அந்த நோட்டு இருக்கிறது என்றாலே, இப்போதைய முறையில் ஏதோ குறை இருக்கிறது, ஒரு நல்ல மனிதர் அதைத் தன் கையால் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, "இல்லாவிட்டால்?" என்ற கேள்வி. பணம் கட்டினால் ரசீது. கட்டாவிட்டால்? பாதி கட்டினால்? இரண்டு தடவை கட்டினால்? எல்லாம் சரியாக நடக்கும் வழியை யாரும் சொல்லிவிடுவார்கள். ஜனங்கள் கஷ்டப்படுவது அந்த 'இல்லாவிட்டால்' பக்கத்தில்தான்.

மூன்றாவது, "ஏன்?" என்ற கேள்வி. இதைக் கேட்க மரியாதை தெரிந்திருக்கவேண்டும். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்றால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். "இது எந்தக் காலத்தில் எதற்காக ஆரம்பித்தது, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றால் எழுந்து காப்பி வரவழைத்துச் சொல்வார்கள்.

நான்காவது, சோதித்துப் பார்க்கக்கூடியதாக எழுதுவது. 'வேகமாக இயங்கவேண்டும்' என்று எழுதினால் ஒருவருக்கு வேகம் இன்னொருவருக்கு மந்தம். 'ஒரே சமயத்தில் ஐம்பது பேர் உபயோகிக்கும்போதும் ரசீது மூன்று விநாடிக்குள் திரைக்கு வரவேண்டும்' என்று எழுதினால் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடலாம். 'பொருந்தவேண்டும்', 'உடனடியாக', 'தேவையானபோது', 'முதலியன' போன்ற வார்த்தைகளைக் கண்டால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஐந்தாவது, எழுதியதோடு விடாமல் திருப்பிக் கேட்பது. இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய் கிரகத்துக்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை மெட்ரிக் அளவில் தரவேண்டும் என்று பத்திரத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். தரையிலிருந்த ஒரு சாஃப்ட்வேர் அதைப் பவுண்டு அளவில் கொடுத்துவிட்டது. கணக்கு நாலரை மடங்கு மாறியது. எழுதினால் மட்டும் போதாது. அடுத்த கரையில் இருப்பவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும்.

ஆறாவது, இரண்டு பேருக்கு நடுவே நிற்பது. விற்பனைப் பிரிவு ஒன்று கேட்கும், கணக்குப் பிரிவு நேர்மாறாகக் கேட்கும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எது அவசியம், எது இருந்தால் நல்லது, எது இப்போதைக்கு வேண்டாம் என்று பிரிக்கவேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி தேவையில்லை.

யார் வரலாம்?

சாதாரணமாக நம் வீடுகளில் பையனோ பெண்ணோ புரோகிராமிங்கில் தடுமாறினால், ஐ.டி.யே லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியல்ல. நன்றாகப் பேசி, நன்றாகக் கேட்டு, தெளிவாக எழுதக்கூடிய பிள்ளைகளுக்கு இந்த வழி இருக்கிறது. காமர்ஸ், பார்மஸி, நர்சிங், சட்டம் என்று எது படித்திருந்தாலும் அந்தத் துறைக்கு சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனிக்கு அந்த அறிவு வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. புரோகிராம் எழுதவேண்டாமே தவிர, டேட்டாபேஸ் என்றால் என்ன, ஒரு சிஸ்டம் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். நான் நாற்பது வயதில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எஸ்.க்யூ.எல். கற்றுக்கொண்டேன். வகுப்பில் நான்தான் எல்லோருக்கும் அங்கிள்.

சான்றிதழ்களும் உண்டு. 2003-ல் கனடாவின் டொரான்டோவில் தொடங்கிய ஐ.ஐ.பி.ஏ. என்ற அமைப்பு பரீட்சைகள் நடத்துகிறது. இ.சி.பி.ஏ. என்பது புதிதாக வருபவர்களுக்கு. சி.பி.ஏ.பி. என்பதற்குக் கடந்த பத்து வருஷத்தில் 7,500 மணி நேர அனுபவம் காட்டவேண்டும். சான்றிதழ் இன்டர்வியூ கதவைத் திறக்கும். அதற்கு அப்புறம் நம் சாமர்த்தியம்.

குழந்தைகளுக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடியும் சேர நினைக்கும் பெண்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். பாங்கிலோ இன்ஷூரன்ஸிலோ எட்டு வருஷம் கவுண்டரில் இருந்த அனுபவம் வீணாகப் போவதில்லை. அதைச் சொல்லித்தான் வேலை கேட்கவேண்டும். என் கீழ் வேலை பார்த்தவர்களில் மிகச் சிறந்தவர், பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்த ஒரு பெண்மணி. மூன்று நாத்தனார்களுடன் குடித்தனம் நடத்தியவருக்கு மூன்று டிபார்ட்மென்டுகள் ஒரு பொருட்டா என்பார்.

கேள்வி நேரத்தில்

உரை முடிந்ததும் ஒரு தாயார் எழுந்து, "இப்போது ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் தானே எழுதிவிடுகிறதாமே, இந்த வேலை நிலைக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு புரோகிராம் எழுதுவது சுலபமாகியிருக்கிறது. பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுப்பதும், அதைப் பத்திரமாக்குவதும்கூட இயந்திரம் செய்கிறது. ஆகையால் சொன்னதை எழுதிக்கொண்டு மட்டும் போகிறவருக்கு வேலை குறையும். இதில் ஒளிவுமறைவு வேண்டாம். ஆனால் அந்த மராத்திக் குமாஸ்தாவின் டிராயரில் நோட்டு இருக்கிறது என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஒருவர் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவேண்டும். இன்னொன்று, தப்பாகக் கேட்டதை இப்போது இயந்திரம் பத்து நிமிஷத்தில் தயாரித்துக் கொடுத்துவிடும். எனவே சரியாகக் கேட்பவரின் பொறுப்பு கூடியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு இளைஞர், "இந்த வேலைக்கு இன்றிலிருந்தே என்ன பயிற்சி செய்யலாம்?" என்றார். அவருக்குச் சொன்னதையே எல்லா ஊர் இளைஞர்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பாங்க் ஆப், ரயில் டிக்கெட், பென்ஷனுக்கான ஜீவன் பிரமாண் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றில் தினமும் திண்டாடிக்கொண்டிருப்பார்கள். செல்போனை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், திரையில் எந்த வார்த்தை புரியவில்லை, என்ன எதிர்பார்த்தார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வரும். அதுதான் உங்கள் முதல் ரிக்வயர்மென்ட்ஸ் பத்திரம். பாட்டிக்கும் ஒரு வாரம் பேசத் துணை கிடைக்கும்.

 அத்திம்பேருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நம்புகிறேன்.